எடை ஒன்றுதான்

மூன்றரைக்கு அருகே இரட்டைக் கோடு ஒன்று
நிற்க வேண்டும்.
இல்லை.
நான்கு புள்ளி மூன்றில் ஏதோ கூட்டம்,
கல்யாண மண்டப வாசலில் செருப்புகள் மாதிரி.
"மேடம், இது உங்க சாம்பிள்தானா?"
என்.எம்.ஆர். அறையில் குப்புராஜ் கேட்கிறார்.
குப்பியின் கழுத்தில் என் கையெழுத்து.
என்னுடையதுதான்.

முந்தின வியாழன் ராத்திரி.
கிண்டியில் மழை பிடித்து ஆறு மணி நேரம்.
நான்கு கார்பன் வளையம், அதன் தோளில் ஓர் ஆல்கஹால்,
அமிலம் சொட்டுச் சொட்டாக.
மைனஸ் இருபதில் வைத்தால்
நீர் கழன்றுபோகும்,
அந்த இடத்தில் குளோரின் வந்து உட்காரும்,
வளையம் அப்படியே இருக்கும்.
நோட்டில் வரைந்து வைத்திருந்தேன்,
சிவப்பு மையில், வளைந்த அம்புகள்,
எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே போக வேண்டும் என்று.

பத்தரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது.
சில்லர் நின்ற மௌனம்
மழையை விடப் பெரிதாகக் கேட்டது.
வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர், வராதே என்றாள் ரெஹானா.
மொபைல் வெளிச்சத்தில் தெர்மாமீட்டர்:
மைனஸ் ஐந்து. ஒன்பது. பதினெட்டு.
விடியும்போது இருபத்தாறு.
ஊர் தன் வெப்பத்தைக்
கொஞ்சம் கொஞ்சமாகக் குடுவைக்குள் விட்டிருந்தது.

கொட்டியிருக்கலாம்.
ஏழாவது வருடம், உதவித்தொகை நின்று எட்டு மாதம்.
எதையும் கொட்ட மனசு வராது.

அயோடின் ஜாடியில் தட்டை வைத்தேன்.
நான் எதிர்பார்த்த உயரத்தில் மங்கலாக ஒரு பொட்டு.
அதற்குச் சற்று மேலே
டீக்கறை மாதிரி அழுத்தமாக இன்னொன்று.
மாஸ் ரிப்போர்ட்டில் எடை ஒன்றுதான்.
ஓர் அணு கூடவில்லை, குறையவில்லை.
ஆள்தான் வேறு.

இரண்டு நாள் தூங்காமல் யோசித்ததில்
இப்படி நடந்திருக்கும்:
நீர் கழன்ற கணத்தில் ஒரு கார்பனுக்கு
தாங்க முடியாத குறை.
பக்கத்திலோ ஷேர் ஆட்டோவில் மடக்கிய முழங்கால்களாய்
இறுக்கி உட்கார்ந்த நால்வர்.
குளோரின் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை.
ஒரு பிணைப்பு தன் பழைய பிடியை விட்டு
வெளியே நின்றவனை எட்டிப் பிடித்து
உள்ளே இழுத்துக்கொண்டது.
நான்கு ஐந்தானது.
ஆள் கூடியும் இடம் கூடியது,
இதை ஆட்டோவில் முயலக் கூடாது.
குளோரின் வந்து சேர்ந்தபோது
வாசல் வேறு பக்கம் இருந்தது.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனேன்.
அப்ரூவல் வாங்கிய மனை எங்களுடையது.
வரைபடத்தில் முப்பதடிச் சாலை, பூங்கா,
மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்கு
அம்புக்குறிகூட உண்டு.
தண்ணீர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.
ஏரி எங்கே இருந்ததோ அங்கே போய்
மூன்று நாள் படுத்திருந்துவிட்டுப் போயிருக்கிறது,
எங்கள் ஃப்ரிட்ஜின் இரண்டாம் தட்டு வரை.

டாக்டர் அமலோற்பவம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"முன்னாடியே யாராவது பாத்திருப்பாங்க.
நம்ம லேப் நோட்டுலயே தேடு."
கரையான் விட்டுவைத்த அலமாரி.
பதினைந்து வருடத்துக்கு முந்தைய நோட்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
தெரியாத அழுக்கு, பதினோரு சதவீதம்.
சிலிகாவில் பிரித்தாச்சு. கொட்டியாச்சு.
கீழே, ஆர். சந்தானகிருஷ்ணன்.

எண்ணூர்ப் பக்கம் பெயின்ட் கம்பெனியில் இருக்கிறார்.
போன் செய்தேன்.
முதலில் ஞாபகம் இல்லை என்றார்.
பிறகு, "அன்னிக்கு சாயங்காலம்
தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தாங்க.
சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்துச்சு."
அந்தப் பக்கம் ஏதோ லாரி பின்வாங்கும் பீப் பீப்.
"உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?"
"எழுபத்தெட்டு."
லாரி நின்றது. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு:
"வாசனை எப்படி இருக்கு அது?
நான் மோந்துகூடப் பாக்கல."

விதிப்படி முகரக் கூடாது.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
குப்பியின் மூடியைத் திருகுகிறேன்.